புகையில்லாத ஆட்டோ

நகரியில் பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்த கன்னையா, தொண்ணூற்றேழில் பிழைப்புத் தேடித் திருப்பதிக்கு வந்து டீசல் ஆட்டோ வாங்கினார். ரேணிகுண்டா ஸ்டேஷனுக்கும் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குமாக இருபத்தைந்து வருஷ ஓட்டம். சாமி கும்பிட வந்தவர்களெல்லாம் புண்ணியத்தோடு ஊர் திரும்பினார்கள். வீட்டில் கிடந்த பெண்டாட்டி வெங்கடலட்சுமிக்கு மிஞ்சியது புகைதான்.

ஒண்டுக் குடித்தனம், வெளியே போக ஒரே ஒரு வாசல். அதை ஒட்டித்தான் வண்டி நிற்கும். காலையில் கிளப்பினால் குபுகுபுவென்று கரும்புகை உள்ளே போகும். "பொக வருதுமே, கதவ சாத்திக்கினு உள்ள போ!" என்று தினமும் கத்துவார். அவளும் கதவைச் சாத்திவிட்டு, பின்னால் சமையலறையில் போய் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். பொத்தி என்ன பிரயோஜனம்? இழுப்பு வந்தது. வாசனை பிடிக்கிற சக்தியும் போனது. அடுப்பில் குழம்பு தீய்ந்தால்கூடப் பக்கத்து வீட்டுக்காரிதான் வந்து சொல்ல வேண்டும்.

தன் வண்டிதான் அவளை இப்படி ஆக்கியது என்று கன்னையா உள்ளுக்குள் வெந்தார். டீசல் வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு எலக்ட்ரிக் ஆட்டோ எடுத்தார். வீட்டுக்காரர் மாடியில் சோலார் பலகை போட்டிருந்தார். மத்தியான வெயில் கரண்டில் வாசலிலேயே சார்ஜ். புகையும் இல்லை, சத்தமும் இல்லை. ஆறு மாதத்தில் வெங்கடலட்சுமி காலை நீட்டி மல்லாந்து தூங்கினாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கிய பொம்பளை! பார்த்த மனுஷன் அழுதேவிட்டார்.

அப்புறம் ஆயுதபூஜை வந்தது. ஸ்டாண்டில் அத்தனை பேரும் இன்ஜினைத் திறந்து கழுவி மஞ்சள் பூசினார்கள். இவர் வண்டியில் இன்ஜின் ஏது? சும்மா இருந்திருக்கலாம். பின்சீட்டுக்கு அடியிலிருந்த பாட்டரிப் பெட்டியின் மூடியைக் கழற்றி, ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை மனதாரத் தெளித்தார், மிச்சத்தை ஊற்றினார், குங்குமம் வைத்தார், திரும்ப மூடினார். வெங்கடலட்சுமிக்கு மூச்சு கொடுத்த சாமியாயிற்றே!

நாலாம் நாள் ஒரு பயணி, "சீட்டு சுடுது நைனா" என்று எழுந்து நகர்ந்து உட்கார்ந்தார். சார்ஜ் போட்டால் பெட்டியிலிருந்து இனிப்பும் புளிப்புமாக ஒரு நெடி. டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து பெட்டிக்கு எதிரே வைத்தார். மெக்கானிக் சிட்டிபாபுவிடம் சொல்லப் பயம். தண்ணீர் ஊற்றியது தெரிந்தால் கேரண்டி போச்சு, வண்டி போச்சு, பழையபடி டீசல்தான். அவள் மறுபடி உட்கார்ந்து தூங்குவதா?

"உனக்கு எதுனா வாசன வருதாம்மே?" என்று அவளிடம் கேட்டார்.

"எனக்கு என்னிக்குயா வந்துது?" என்று அவள் சிரித்தாள்.

பத்தாம் நாள் மத்தியானம், வண்டியை சார்ஜில் போட்டுவிட்டு, மனசு கேட்காமல் சிட்டிபாபு கடைக்கே நடந்தார். ஒன்றுவிடாமல் சொன்னார். சிட்டிபாபு கையிலிருந்த ஸ்பானரைக் கீழே போட்டான்.

"அய்யோ தேவுடா! இன்னா காரியம் பண்ணிக்கிற அண்ணா! வண்டி இப்ப எங்க?"

"வூட்டு வாசல்ல. சார்ஜ்ல கீது."

"அக்கா?"

"உள்ள."

"மொதல்ல அக்காவ வெளிய வரச் சொல்லு! பொக வந்துச்சின்னா அடுத்தது நெருப்புதான், ஒரு நிமிஷம் தாங்காது!"

அங்கிருந்தே போன் போட்டார். மூன்றாவது மணியில் எடுத்தாள். குரலில் பதற்றமே இல்லை.

"நானே பண்ணலாம்னு இருந்தேன்யா. வண்டிலேர்ந்து வெள்ளையா பொக வருது. நீ பயப்படாத. கதவ நல்லா சாத்திக்கினு உள்ள வந்து குந்திக்கினேன்."