துரியோதனன் தொடையில் புதைத்த சட்டி

புராணங்களையும் நாட்டார் கதைகளையும் எடுத்துத் திருப்பி எழுதுகிறவள் என்று என்னைச் சொல்கிறார்கள். புத்தகக் கூட்டங்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும். உங்கள் கதைகளில் சாக வேண்டியவர்கள் எல்லாம் எப்படியோ தப்பித்து விடுகிறார்களே, ஏன்? நானும் மைக்கைப் பிடித்துக்கொண்டு மறுவாசிப்பு, மாற்றுப் பார்வை என்று எதையாவது சொல்லிச் சமாளித்து விடுவேன். உள்ளதைச் சொன்னால் சிரிப்பார்கள். நான் முதன்முதலில் ஒரு புராணத்தை மாற்றியது எட்டு வயதில், அதுவும் முழங்கை வரை சேற்றோடு.

எங்கள் ஊர் கடத்தூருக்குப் பக்கம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பதினெட்டு நாள் பாரதக் கூத்து நடக்கும். வேடம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் உள்ளூர் ஆட்கள்தான். அம்மாவின் தம்பி, என் மாமா, துரியோதனன். மற்ற நாட்களில் அவர் குட்டியானை வண்டியில் தக்காளி லோடு ஏற்றிப் போகிறவர். கோழி அறுப்பதைக்கூடப் பார்க்க மாட்டார். வேடம் கட்டிவிட்டாலோ குழந்தைகள் அலறும். எனக்கு மட்டும் பயமில்லை. அவர் தோளில் கட்டுகிற புஜக்கட்டையில் வட்ட வட்டமாகக் கண்ணாடி பதித்திருக்கும். அவர் என்னைத் தூக்கினால் ஒவ்வொரு கண்ணாடியிலும் என் முகம் தெரியும்.

கடைசி நாள் காலையில் படுகளம். கோயில் மைதானத்தில் களிமண்ணால் ஒரு பெரிய துரியோதனனை மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். அவன் வலது தொடைக்குள் ஒரு சட்டி. அதில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர். வீமன் கதாயுதத்தால் அடிப்பான், சட்டி உடையும், சிவப்பு பொங்கும். அதைத் தொட்டு விரித்த கூந்தலில் தடவி அம்மன் முடிந்துகொள்வாள். அத்தோடு துரியோதனன் செத்தான்.

மாமாவும் செத்துவிடுவார் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். காரணம் இல்லாமல் இல்லை. அபிமன்யு வேடம் கட்டிய எங்கள் தெரு அண்ணன் கூத்தில் செத்ததை நான் பார்த்தேன். வெள்ளைத் துணி போட்டு மூடினார்கள். மறுநாளிலிருந்து அவர் ஊரில் இல்லை. லீவு முடிந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் பஸ் ஏறிவிட்டார் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. போதாக்குறைக்கு அந்த வருடம் மண் உருவத்துக்கு மாமாவின் மீசையை அப்படியே வைத்திருந்தார்கள்.

அன்று விடிந்ததும் மைதானத்துக்கு ஓடினேன். மண் பிசைந்த பெரியவர் தொடையைப் பூசிக்கொண்டிருந்தார். சட்டி உடையாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"செவப்பு வந்தாத்தான் பாப்பா இவன் செத்தான்னு கணக்கு. வரலைன்னா சாவமாட்டான். அம்மன் கூந்தல முடியாது. ஊரு தாங்காது."

ஊரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவர் டீ குடிக்கப் போனதும் ஈர மண்ணைத் தோண்டினேன். சட்டியைத் தூக்கும்போது பாதித் தண்ணீர் என் இளமஞ்சள் பாவாடையில் கொட்டியது. மீதியோடு அதைத் தூக்கிக்கொண்டு ஓடி, கோயிலுக்குப் பின்னால் இருந்த பாழுங்கிணற்றில் போட்டேன். திரும்பி வந்து பள்ளத்தில் மண்ணை அடைத்துத் தட்டி மெழுகினேன். எவ்வளவு தேய்த்தும் கைச் சிவப்பு போகவில்லை.

வெயில் ஏறியபோது மைதானம் நிறைந்துவிட்டது. நான் முன்வரிசையில் அம்மாவின் முந்தானைக்குள் கைகளை ஒளித்துக்கொண்டு நின்றேன். மாமா களத்தைச் சுற்றி ஓடினார், வீமன் துரத்தினான், மத்தளம் காதைப் பிளந்தது. கடைசியில் மாமா மண் உருவத்தின் மேல் ஏறி நின்றார். வீமன் அதன் தொடையில் ஓங்கி அடித்தான். மண் பிளந்தது. சிவப்பு வரவில்லை. இன்னொரு அடி. மூன்றாவது அடி. மத்தளம் நின்றுவிட்டது.

அம்மன் வேடம் கட்டியவர் கூந்தலை விரித்தபடி நடுங்கிக்கொண்டு நின்றார். பெண்கள் சிலர் அழத் தொடங்கினார்கள். பூசாரி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"யாரோ கை வெச்சிருக்காங்க. யாருன்னு இப்பவே சொல்லிடுங்க. ஊரோட சாபத்த வாங்கிக்காதீங்க."

மண் பிசைந்தவர் முன்னால் வந்தார். "வேற யாரும் வரலீங்க சாமி. வெடியறப்ப ஒரு பாப்பா வந்து சட்டியப் பத்திக் கேட்டுச்சு..." என்று கூட்டத்தில் தேட ஆரம்பித்தார்.

அப்போது மாமா என்னைப் பார்த்தார். முகத்தை அல்ல, பாவாடையைப் பார்த்தார். மறுநொடி பெரிதாக ஒரு கூச்சல் போட்டு, மார்பைக் கட்டிக்கொண்டு சுழன்று, பிளந்த தொடையின் மேல் குப்புற விழுந்தார். அவர் உள்ளங்கைக்கு அடியிலிருந்து சிவப்பு வந்தது. மண்ணில் ஓடியது. பூசாரி பாய்ந்து அதைத் தொட்டு அம்மன் கூந்தலில் தடவினார். குலவை கிளம்பியது. வயலில் போட மண் எடுக்க ஊரே களத்துக்குள் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த உருவம் இருந்த இடம் தெரியவில்லை.

நான் தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். சிவப்பு வந்துவிட்டது, இனி மாமா இல்லை. வாய்விட்டு அலறினேன். அந்த நெரிசலுக்குள்ளிருந்து மாமா எழுந்து வந்து என்னைத் தூக்கினார். கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. "அழுவாத கண்ணு, மாமனுக்கு ஒண்ணும் ஆவல" என்று சொல்லிக்கொண்டே என் கைகளையும் பாவாடையையும் அந்தக் கையால் தடவினார். அழுகையின் நடுவிலும் புஜக்கட்டையில் என் முகத்தைத் தேடினேன். ஒரு வட்டத்தில் கண்ணாடி பெயர்ந்து வெறும் கட்டை தெரிந்தது.

"அறிவிருக்காடா? புள்ள புதுப் பாவாடையெல்லாம் ரத்தமாக்கிட்டியே!" என்று அம்மா அவரைத் திட்டினாள்.

"தெரியாம பட்டுடுச்சிக்கா."

அரசு ஆஸ்பத்திரியில் ஐந்து தையல் போட்டார்கள். ஒரு மாதம் அவரால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லை. சட்டி ஓடு கிழித்துவிட்டது என்று ஊர் முழுக்கச் சொன்னார்கள், நானும் அப்படியே நம்பினேன். மாமா சாகவில்லை என்ற சந்தோஷத்தில் வேறெதுவும் யோசிக்கவில்லை. என் கைகளைப் பார்த்து யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை என்பதைக்கூட.

போன வருடம் அந்தக் காலையைக் கதையாக எழுத உட்கார்ந்தேன். 'சட்டி ஓடு அவர் உள்ளங்கையைக் கிழித்தது' என்று எழுதியதும் புஜக்கட்டையில் கண்ணாடி பெயர்ந்திருந்த அந்த ஒரு வட்டம் நினைவுக்கு வர, மேலே ஒரு வரிகூடப் போக முடியாமல் நெடுநேரம் அழுதேன். அந்தத் தொடைக்குள் சட்டியே இல்லை. ஊரில் அது நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.