டாக்டர் எழுதாத நோய்

இங்கிலாந்துக்காரர்கள் காலையில் எதிர்ப்பட்டால் "ஆர் யூ ஆல்ரைட்?" என்று கேட்பார்கள், பதிலுக்கு நிற்க மாட்டார்கள். வந்த புதிதில் நான் நின்று, மூக்கடைப்பு முதல் முதுகு அரிப்பு வரை ஒப்பித்திருக்கிறேன். அண்ணன் செத்த மறுவாரம் பக்கத்து மேசை ஹெலன் அப்படிக் கேட்டபோது, "என் அண்ணன் இறந்துவிட்டார்" என்றேன். "லவ்லி" என்று சொல்லிக்கொண்டே டீ போடப் போய்விட்டாள். பாதி வழியில்தான் உறைத்தது. ஓடி வந்து கட்டிக்கொண்டு அழுதாள். அவளைக் கோபித்து என்ன பயன்? நானும் கேட்டுவிட்டுக் காதில் வாங்காமல் போனவள்தான்.

எனக்கு ஆஸ்பத்திரியில் கோடிங் வேலை. டாக்டர் எழுதி வைத்த கோப்பைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டைப் போட வேண்டும். இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயின் உட்சுவர் கிழிந்தால் ஐ 71.0. அந்தக் கோப்புகளில் அநேகமாக ஒரே வாசகம்தான் இருக்கும்: திடீரென்று, கிழிப்பது போன்ற வலி, நெஞ்சிலிருந்து முதுகுக்கு. அதைப் பார்த்ததுமே அடுத்து வருவது எனக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் டாக்டர் எழுதாத நோயை நாங்களாக ஊகித்துப் போடக் கூடாது. சந்தேகம் என்றால் அவருக்கு எழுதிக் கேட்க வேண்டும். இத்தனை வருஷத்தில் அந்த விதியை நான் மீறியதில்லை.

கொடைக்கானல் மலையில் எங்கள் ஊரான போளூரில், அண்ணன் பூண்டு மூட்டையை ஜீப்பில் ஏற்றும்போது வலி வந்தது. உடனே எனக்குப் போன் பண்ணினார். நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதால், வீட்டில் என்னைப் பாதி டாக்டர் என்று நினைப்பு.

"தாயி, என்னமோ கிழிஞ்ச மாதிரி இருக்கு. நெஞ்சுல ஆரம்பிச்சு முதுகுக்கு ஓடுது."

"மூட்டையத் தூக்குனீங்கல்ல, பிடிப்புதாண்ணே. மதினியத் தைலம் போட்டுத் தடவச் சொல்லுங்க. சோலியா இருக்கேன், பெறகு பேசுறேன்."

எங்கள் மலையில் மூட்டை தூக்குகிறவருக்கு முதுகு வலித்தால் அது பிடிப்புதான். தடவி எடுத்தால் போய்விடும். கோப்பில் ஆங்கிலத்தில் படித்திருந்தால் பதறியிருப்பேன். எத்தனையோ முறை படித்த அதே வரியை அண்ணன் தமிழில் சொன்னபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. மதினி தடவியிருக்கிறாள். சாயங்காலம் அவர் மயங்கி விழுந்த பிறகுதான், மூட்டைகளை இறக்கிவிட்டு அதே ஜீப்பில் கொடைக்கானலுக்குக் கொண்டுபோனார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. அறுக்க வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் கெஞ்சிக் கூத்தாடி உடம்பை வாங்கி வந்தார்கள். நோயின் பெயரை யாரும் எழுதவில்லை.

போன வாரம் மதினி போனில் கேட்டாள்.

"செல்வி, நீ பதனமாத் தடவத்தான் சொல்லியிருப்ப. வெரசா வண்டி கெளம்பணுமேன்னு நான் அழுத்தித் தேச்சிட்டேன். அதுதான் கொன்னுருச்சா?"

நான்தான் கொன்றேன் மதினி என்று சொல்ல வாய் வரவில்லை.

"இல்ல மதினி. அது மாரடைப்பு. தடவுனதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"நெசமாவா? உனக்குத் தெரியாததா!" என்று சொல்லி, இத்தனை நாள் அடக்கியதெல்லாம் சேர்த்து அழுதாள். டாக்டர் எழுதாத ஒரு நோயை முதல் தடவையாக நானே போட்டேன். அதுவும் பொய்.

இன்று காலை ஹெலன் கேட்டதற்கு "ஆல்ரைட்" என்றேன். முதல் கோப்பு ஒரு லாரி டிரைவருடையது. பெட்டி தூக்கும்போது, கிழிப்பது போன்ற வலி, நெஞ்சிலிருந்து முதுகுக்கு. நேரத்தில் ஆபரேஷன் செய்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஐ 71.0 என்று அடித்தேன். அந்த ஆங்கில வரியை அண்ணன் குரலில்தான் என்னால் படிக்க முடிந்தது. தொடக்கத்தில் 'தாயி' மட்டும் இல்லை.