வெளிச்சம் வருமுன் அழுத்தியவன்

முதலில் போனது இடது கீழ் மூலை.

கோல் கம்பத்துக்கும் என் இடது காலுக்கும் நடுவே ஒரு முழ இடம். இருபது வருடமாக அதை நான் திரும்பிப் பார்த்ததில்லை. அதுவும் என் உடம்புதான் என்றிருந்தேன். அந்த மழைக்காலத்தில் பந்துகள் அந்த வழியாகவே உள்ளே போயின. பின்பலகையில் மோதும் சத்தம் கேட்ட பிறகுதான் பந்து போனதே தெரிந்தது.

நான் ஹாக்கி கோல்கீப்பர். விளையாடுவதற்காகவே ஓர் அரசுத் துறை என்னை வேலைக்கு எடுத்தது. வீடு காரைக்குடியில், ஆட்டம் ஊர் ஊராக. நாற்பத்து மூன்று வயதிலும் அந்த அணியின் கோலில் நின்றுகொண்டிருந்தேன். முழங்கால், இடுப்பு, விரல்கள் என்று ஒவ்வொன்றாகச் சலித்துப் போயிருந்தன. கண்ணை மட்டும் நம்பியிருந்தேன்.

எனக்கு முன்னால் தடுப்பாட்டக்காரனாக நிற்பவன் செல்வம்; பதினைந்து வருடப் பழக்கம். ஒரு பயிற்சி ஆட்டத்தில் நாலாவது கோலும் அதே மூலையில் விழுந்ததும் திரும்பிப் பார்த்தான்.

"என்ன மாப்ள, அங்குட்டுக் கதவத் தொறந்துபோட்டு விருந்துக்கு அழைக்கிறீகளா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயசாகிறது என்று சொல்லிக்கொண்டேன். தடுமாற்றத்துக்கு அதைவிட வசதியான பெயர் இல்லை.

வீட்டில் கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்வதைக் கவனித்தவள் என் மனைவி கலா. தேவகோட்டையில் பள்ளி ஆசிரியை. பிள்ளைகள் எதை மறைக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண். அவள் நச்சரிப்புத் தாங்காமல் மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன், தனியாக. கிளாக்கோமா (கண்ணுக்குள் நீரழுத்தம் கூடிப் பார்வை நரம்பை மெல்ல அரிக்கும் நோய்) இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. வலிக்காது, சிவக்காது, ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வரும். உறுதி செய்ய, பார்வைப் புலப் பரிசோதனைக்கு (ஓரப்பார்வை எவ்வளவு மிச்சம் என்று அளப்பது) அனுப்பினார்.

ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தைக் கொடுத்து, நடுப்புள்ளியையே பார்த்திருக்க வேண்டும். சுற்றிலும் எங்காவது ஒரு சின்ன வெளிச்சம் மின்னும். தெரிந்தால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான்.

அங்கேதான் தவறினேன். கோலில் நிற்பவன் பந்தைப் பார்த்துத் தடுப்பதில்லை. மட்டையை விட்டுப் பந்து கிளம்பிய பிறகு நகர்ந்தால் பலகைச் சத்தம்தான் மிச்சம். அடிப்பவனின் தோள் இறங்கும், இடுப்பு திரும்பும். பந்து வரப்போகும் இடத்துக்கு அதற்குள் நாம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இன்னும் வராத பந்துக்கு எழும்பி எழும்பியே என் இருபது வருடம் போயிருக்கிறது. கிண்ணத்துக்குள்ளும் அதையே செய்தேன். இரண்டு நிமிடத்தில் இயந்திரத்தின் தாளம் பிடிபட்டது. இப்போது மின்னும் என்று தோன்றும்போதெல்லாம் அழுத்தினேன். ஏமாற்றுகிறோம் என்று தோன்றவேயில்லை. நன்றாக ஆடுகிறோம் என்றே நினைத்தேன்.

பரிசோதனை எடுத்த பெண் தாளைப் பார்த்து முகம் சுளித்தார். "லைட் வராதப்பவும் அழுத்துறீங்க சார். இத நம்ப முடியாது. கொஞ்சம் வெளிய உக்காருங்க, திரும்ப எடுப்போம்."

மறுநாள் எனக்கு ஆட்டம் இருந்தது. அடுத்த வாரம் வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன். கலாவிடம், பெரிதாக ஒன்றுமில்லையாம் என்றேன். அந்த அடுத்த வாரம் வர எட்டு மாதம் ஆனது.

புதுவயல் சாலையில், அரிசி ஆலைச் சந்திலிருந்து ஒரு லாரி வந்தது, இடது பக்கமாக. ஸ்கூட்டரை ஓட்டியது நான். பிரேக் பிடித்தது லாரிக்காரர். இடப்பக்கம் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த கலாவின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி லாரி நின்றது. அவர் திட்டிய திட்டை நின்று கேட்டோம். லாரி போன பிறகும் அவள் வண்டியில் ஏறவில்லை.

"நீங்க பாக்கலையா, இல்ல பாத்தும் போயிரலாம்னு வந்தீகளா?"

"பாக்கல."

"எம்புட்டு நாளா?"

சாலையோரத்தில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன், அழுத்திய பொத்தான் உட்பட. அவள் என்னிடம் சாவியை வாங்கிக்கொண்டாள்.

மறுபடி மதுரைக்குப் போனேன், அதே டாக்டரம்மாவிடம். "போன பார்வை திரும்ப வராது. இருக்கறதக் காப்பாத்தலாம். அதுக்கு எவ்வளவு போயிருக்குன்னு எனக்கு நிஜமாத் தெரியணும்."

ஆடலாமா என்று கேட்டேன். ஹெல்மெட் இருக்கிறது, முகத்தில் படாது என்றேன்.

"ரோட்டுலயும் அதோடதான் நடப்பீங்களா?"

மறுபடி அதே கிண்ணம். கட்டைவிரல் துடித்தது. எங்கோ ஒன்று மின்னிப் போகிறது என்று தெரியும், கண்ணுக்குத் தெரியவில்லை. அழுத்தாமல் இருந்தேன். ஒன்று போனது, இன்னொன்று போனது. என்னைத் தாண்டிப் போவதையெல்லாம் போகவிட்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது முழு ஆட்டம் ஆடியதைவிடச் சட்டை நனைந்திருந்தது. தாளில் இடது கண்ணின் பாதி கருப்பாக இருந்தது. வலது கண்ணின் ஓரத்திலும் சாம்பல் நிறம் தொடங்கியிருந்தது.

இதைப் படிக்கும் உங்களுக்கும் அந்தக் கிண்ணம் வாய்த்திருக்கலாம். தெரியாததைத் தெரியாதென்று விட்டுவிடுங்கள். அங்கே ஜெயிக்க ஒன்றுமில்லை. உடன்பிறந்தவர்களையும் அழைத்துப் போங்கள். இது குடும்பத்தில் ஓடும் நோய். என் அண்ணனை நான் இழுத்துக்கொண்டுதான் போனேன்.

அணியிலிருந்து விடுவிக்கும்படி எழுதிக் கொடுத்தேன். செல்வம் வீட்டுக்கு வந்தான். காபியைக் குடித்து முடித்தான். பிறகு, "மொதல்லயே சொல்லியிருந்தா நான் ரெண்டடி அங்குட்டு நின்னுருப்பேன்ல மாப்ள" என்றான்.

காலையும் இரவும் இரண்டு விதச் சொட்டு மருந்து. முதல் சொட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஐந்து நிமிடம் கண்ணை மூடி, மூக்கோரம் விரலால் அழுத்திக்கொண்டு படுத்திருக்க வேண்டும். ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடம் ஒரே மூச்சில் போய்விடும். இது போவதில்லை. தொண்டையில் கசப்பு மெல்ல இறங்குகிறது. கலா பள்ளிக்குப் புறப்படும் சத்தங்கள் ஒவ்வொன்றாக முடிகின்றன.

கண்ணைத் திறந்தால் வலப்பக்கம் தானாக வந்துவிடுகிறது. இடப்பக்கத்துக்கு நான்தான் போக வேண்டும், கழுத்தை முழுதும் திருப்பி. திருப்புகிறேன். ஜன்னல், கொடியில் காயும் துண்டு, சுவர். எதுவும் என்னை நோக்கி வரவில்லை. எல்லாம் அங்கேயேதான் இருந்திருக்கின்றன.