தலைவரம்மா போக வேண்டிய தெரு

அன்று காலை நான் முதலில் பார்த்தது டிராக்டரைத்தான். எப்போதும் களத்துமேட்டில் நிற்கும் துணைத் தலைவரின் டிராக்டர், டிரெய்லரோடு, பெரிய தெருவின் முனையில் குறுக்காக நின்றது. டிரெய்லரில் சுமை எதுவும் இல்லை. பக்கத்தில் ஆளும் இல்லை. ஒருக்களித்து நடந்து அதைக் கடந்து, திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறினேன். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன்.

பஸ் டவுனுக்குள் போய்ச் சேர்வதற்குள் அம்மாவின் போன் வந்தது. தலைவரம்மாவுக்கு விடியற்காலை நெஞ்சுவலி வந்ததாம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். "போயிட்டாங்கடி" என்றாள் அம்மா. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் டிராக்டர் ஏன் அங்கே நின்றது என்று புரிந்தது. எனக்குச் செய்தி வருவதற்கு முன்பே டிராக்டர் வந்து நின்றுவிட்டது.

ஒன்றியக் கூட்டங்களில் எங்கள் அஞ்சலை தலைவரம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மற்ற ஊராட்சித் தலைவரம்மாக்கள் நீங்கள். அன்று உங்களில் பலருக்கு வர முடியவில்லை. அவர் எப்படிப் போனார் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எனக்குப் பேச வராது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் காலனிக்காரர்கள் பெரிய தெருவில் நடக்கலாம். செருப்புப் போட்டும் நடக்கலாம், வண்டியும் ஓட்டலாம். எங்கள் பிணம் மட்டும் அந்தத் தெருவில் போகக் கூடாது. சுடுகாடு தெருவின் மறுமுனையில் இருக்கிறது. இருநூறு அடி தூரம். ஆனால் நாங்கள் ஏரியைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். தலைவரம்மாவின் வீட்டுக்காரர் ஐப்பசி மழையில் இறந்தார். இடுப்பளவு தண்ணீரில் அவரைத் தூக்கிப் போனார்கள். ஓர் இடத்தில் பாடை சாய்ந்து, அவருடைய கால் தண்ணீரில் நனைந்ததாம். தலைவரம்மா அதை ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னார். சொல்லும்போது கால் என்று சொல்லவில்லை, பாதம் என்று சொன்னார்.

தலைவர் பதவி எங்கள் ஆட்களில் ஒரு பெண்ணுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது, அவரை நிறுத்தியதே துணைத் தலைவரின் ஆட்கள்தான். அவர்கள் கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தவர் அவர். காட்டின இடத்தில் கையெழுத்துப் போடுவார் என்று நினைத்தார்கள். முதல் ஒரு வருஷம் அவரும் போட்டார். ஆறாவதோடு நின்ற படிப்பு. எழுத்துக் கூட்டிப் படிப்பார், ஆனால் ஊராட்சிச் செயலர் எழுதும் தீர்மானத்தின் நீளமான வாக்கியங்களில் பாதி வழியில் நின்றுவிடுவார்.

அப்படி ஒரு தீர்மானத்தோடுதான் ஒரு திங்கட்கிழமை என் கடைக்கு வந்தார். மனு கொடுக்கும் நாள், கடையில் கூட்டம் ஜாஸ்தி. முகம் முழுக்கச் சிரிப்பு. "நாலு ஜெராக்ஸ் போடு புள்ள. நம்ம ஏரிக்கரைப் பாதைக்கு சிமெண்ட் ரோடு வருது" என்றார். இனிமேல் யார் காலும் நனையாது என்றும் சொன்னார்.

தாளை மெஷினில் வைக்கும்போது கடைசி வரியில் என் கண் நின்றது. எனக்கு ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் விட்டேன். வகுப்பில் எழுந்து சத்தமாகப் படிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வெளியே வராது. பள்ளியை விட்டதில் அந்த ஒன்று மட்டும் நிம்மதியாக இருந்தது. ஆனால் படிப்பது எனக்குக் கஷ்டமில்லை. அந்த வரியை அவர் காதில் மட்டும் கேட்கிற மாதிரி படித்தேன். சிமெண்ட் பாதை போடப்படுவதால், காலனி மக்கள் பிணங்களை இனி நிரந்தரமாக ஏரிக்கரைப் பாதையில் மட்டும் எடுத்துச் செல்ல ஒப்புக்கொள்கிறார்கள், பெரிய தெருவைக் கோர மாட்டார்கள்.

இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"இதுல நான் கையெழுத்து போட்டிருக்கனா?"

"போட்டிருக்கீங்க."

கீழே அவருடைய கையெழுத்து இருந்தது. பெரிய எழுத்து, சாய்ந்து, கோட்டைத் தாண்டி ஓடும். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஜெராக்ஸ் எடுக்கவில்லை. தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, "இதுவரைக்கும் அவங்க வழிய மறிச்சாங்க. இப்ப நானே மறிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, கிராம சபைக்கு என்னைத் தன்னோடு அனுப்பச் சொல்லி அம்மாவிடம் கேட்டார். நான் சமையல் அறைக்குள் போய்விட்டேன். அங்கேயே வந்து நின்று, நான் பேச வேண்டியதில்லை, தன் காதில் படித்தால் போதும், சத்தமாகச் சொல்வது தன் வேலை என்றார். அதற்குப் பிறகு நாங்கள் அப்படித்தான் வேலை செய்தோம். செயலர் எழுதியதை நான் ஒரு வரி முணுமுணுப்பேன், அவர் அதைச் சபைக்குச் சொல்வார். "எறும்பு படிக்கிற மாதிரி படிக்கிறா, எனக்கே பாதிதான் வருது" என்று எல்லோர் முன்னாலும் திட்டுவார். கோபக்காரர். மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் ஒன்று எனக்கு மட்டும் தெரியும். எழுந்து பேசுவதற்கு முன் மேசைக்கு அடியில் இரண்டு செருப்பையும் கழற்றிவிடுவார். விரல்களைத் தரையில் அழுத்திக்கொள்வார். அவருடைய கால் நடுங்கும். மேசைக்கு மேலே யாருக்கும் அது தெரியாது.

அந்தப் பழைய தீர்மானத்தை ரத்து செய்யும் தீர்மானம் வந்த நாளில் சபையில் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்டது. ஒன்றியத்திலிருந்து ஓர் அலுவலர் வந்திருந்தார். நான் முணுமுணுத்தேன், தலைவரம்மா சொன்னார். ஊராட்சியின் எல்லாத் தெருக்களும் ஊரில் உள்ள எல்லோருக்கும், நல்லதுக்கும் கெட்டதுக்கும், பொது.

"கேக்கல" என்றார் துணைத் தலைவர். பின்னால் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

தலைவரம்மா முதலிலிருந்து சொன்னார்.

"கேக்கலம்மா அஞ்சல. இன்னா சொல்ற நீ?"

மறுபடி முதலிலிருந்து. குரலை உயர்த்தவில்லை, வேகத்தைக் கூட்டவில்லை. எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை, ஆனால் அலுவலர் கடைசியில் பேனாவை மூடி, தனக்குக் கேட்டுவிட்டது, கை தூக்குபவர்கள் தூக்கலாம் என்றார். காலனிப் பெண்கள் அன்று மொத்தமாக வந்திருந்தார்கள். தீர்மானம் நிறைவேறியது. வெளியே வந்ததும் தலைவரம்மா என்னிடம் சொன்னார்: "கேக்கலன்னு சொல்றவனுக்கு மொதல்லயே கேட்டுடுச்சி. நம்ம வாய் ஓயுதான்னு பாக்கறான்."

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் கெட்ட மாதங்கள். பெரிய தெருக்காரர்கள் எங்களைக் கொல்லை வேலைக்குக் கூப்பிடவில்லை. அம்மா கீழ்பென்னாத்தூர் தாண்டி வேலை தேடிப் போனாள். சிமெண்ட் ரோடும் வரவில்லை. காலனியிலேயே தலைவரம்மாவைத் திட்டினார்கள். வந்த ரோட்டைக் கெடுத்தவள் என்று குழாயடியில் அவர் காதுபடவே பேசினார்கள். அவர் குடத்தை நிரப்பிக்கொண்டு போவார். தலையில் குடம் இருக்கும்போது சண்டை போடக் கூடாது என்பார்.

தீர்மானம் நிறைவேறிய பிறகு எங்கள் காலனியில் யாரும் சாகவில்லை. அதனால் அது செல்லுமா என்று யாருக்கும் தெரியவில்லை. காலனியிலேயே மூத்தவரான பெரியசாமி தாத்தாவுக்கு மார்கழியில் காய்ச்சல் வந்து படுத்தபோது, இரண்டு பக்கத்தாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய தெருவிலிருந்துகூட விசாரித்தார்கள். அவர் ஒரு வாரத்தில் எழுந்து கஞ்சி குடித்துவிட்டு, "உங்க தீர்மானத்துக்காக எல்லாம் நான் சாவ முடியாது, போங்க" என்றார். அன்று தலைவரம்மா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

ஒரு பௌர்ணமிக்கு அவரோடு கிரிவலம் போனேன். ஆந்திராக்காரர்கள், பெங்களூர்க்காரர்கள், யார் யாரோ இடித்துக்கொண்டு நடந்தார்கள். பாதி வழியில் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பதினாலு கிலோமீட்டர் புள்ள. ஒருத்தன் கேக்கல நீ யாருன்னு. நம்மூர்ல இருநூறு அடிக்குக் கேக்கறான்." பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரம் போன பிறகு, தான் போகும்போது தெருவழியாகத்தான் போக வேண்டும் என்றார். தன் மகனிடம் சொல்லச் சொன்னார். எங்கள் வீடுகளில் யாரும் இப்படிப் பேசினால் வாயைப் பொத்துவார்கள். நான் பொத்தவில்லை. சரி என்று தலையாட்டினேன்.

என்னிடம் அவருடையது என்று ஒன்றுதான் இருக்கிறது. அந்த இரண்டாவது தீர்மானத்தின் நகல். நானே எடுத்தது. கோட்டைத் தாண்டி ஓடும் கையெழுத்தோடு பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறேன். அவர் இறந்த அன்று, ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் கடையில் இறங்கி அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

மதியம் பாடையைத் தூக்கினார்கள். அவருடைய மகன் குமார் பெங்களூரிலிருந்து வந்து, முன்னால் கொள்ளிச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தான். தலைவரம்மா சொன்னதை அவனிடம் சொல்லியிருந்தேன். தெரு முனையில் டிராக்டர் அப்படியே நின்றது. ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம், பாடை போகாது. துணைத் தலைவர் டிராக்டரின் மட்கார்டு மேல் உட்கார்ந்திருந்தார். பின்னால் இருபது முப்பது பேர். டிராக்டர் ரிப்பேர், சாவி மெக்கானிக்கிடம் இருக்கிறது என்றார்கள்.

வந்திருந்த இரண்டு போலீஸ்காரர்களில் மூத்தவர் குமாரின் தோளில் கை வைத்து, "இன்னிக்கி ஒரு நாள் ஏரிக்கரை பக்கம் போயிடுங்கப்பா. மழையும் இல்ல. அப்புறம் உக்காந்து பேசிக்கலாம்" என்றார். மேளம் நின்றுவிட்டது. குமார் சட்டியைப் பார்த்துக்கொண்டே, "போயிடலாம்ணா. அம்மாவ வெச்சிக்கிட்டு சண்ட வேணாம்" என்றான். எங்கள் வழக்கத்தில் தூக்கிய பாடையை இடைவழிக் கல் வரும்வரை கீழே வைக்கக் கூடாது. கல் தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. தூக்கியிருந்தவர்களின் கழுத்து நரம்பு புடைத்தது. முன்னால் இருந்த இருவரின் கால்கள் ஏரிப் பக்கம் திரும்பின.

பெரியசாமி தாத்தா என் பக்கத்தில் கோலை ஊன்றி நின்றார். யாரிடம் என்று இல்லாமல், "என் மொறைய அவ எடுத்துக்கிட்டா" என்றார்.

பெண்கள் அந்த முனையோடு நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் போவதில்லை. நான் பையிலிருந்து உறையை எடுத்தேன். பாடைக்கு முன்னால் போய் நின்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படித்தேன். வரி வரியாக, தலைவரம்மா காதில் படிக்கிற மாதிரியே படித்தேன். ஒவ்வொரு வரி முடிந்ததும் கொஞ்சம் நின்றேன், பழக்கம். அதைச் சத்தமாகச் சொல்ல ஆள் இல்லை என்பது மூன்றாவது வரியில்தான் உறைத்தது. கடைசிவரை படித்து, கையெழுத்துக்கு மேலே இருந்த அவர் பெயரையும் படித்தேன்.

துணைத் தலைவர் மட்கார்டில் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

"கேக்கல" என்றார்.

பின்னால் சிரித்தார்கள்.

நான் செருப்பைக் கழற்றினேன். தார் சுட்டது. விரல்களை அதில் அழுத்திக்கொண்டு, முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன்.