இடது பின்னங்கால்

என் தங்கை ஒரு குதிரையின் கழுத்தை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு படபடத்தது. பொம்மைக் குதிரைதான், ஒரு சாண் உயரம்கூட இராது. ஆனால் அன்று காலையில்தான் புதிதாகப் பிரித்தது. அறுத்த கழுத்தைச் சற்றே திருப்பி ஒட்டினாள்; சந்தில் மாவு போன்ற பசையை அடைத்துத் தேய்த்தாள். யாரோ கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்க்கும் குதிரையாகிவிட்டது அது.

வாழ்நாளெல்லாம் பல் செட் செய்து பிழைத்தவள் அவள். ஓய்வுக்குப் பின், ஆங் மோ கியோ அடுக்குமாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இந்தக் குதிரை வேலை. படம் கொடுத்தால் அந்தக் குதிரையையே செய்து தருவாள். ஆயில் பெயிண்டை மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்தபின் அதன்மேல் இன்னொன்று. இந்த ஈரக்காற்றில் வெள்ளை காய்வதற்குள் எனக்கு வயதாகிவிடும். தூசி ஒட்டுமே, மின்விசிறிக் காற்றில் விழுமே என்று நான் புலம்புவேன். அலமாரியில் பதினேழு குதிரைகள், அறுபத்தெட்டுக் கால்கள். போகும்போதெல்லாம் சரிபார்ப்பேன். "எண்ணியாச்சா அண்ணே? ஒண்ணும் ஓடிப் போகலையே?" என்பாள்.

கழுத்து திரும்பிய குதிரையைக் கேட்டிருந்தவர் பந்தயத் திடலின் லாயத்தில் வேலை பார்த்தவர். தேக்கா கடைத்தெருவில் ஒரு கைப்பேசிக் கடையின் கண்ணாடிப் பெட்டியில் தங்கையின் குதிரையைப் பார்த்துவிட்டுத் தேடி வந்தார். திடலை மூடிவிட்டார்கள். அவர் பராமரித்த குதிரை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. அவரும் தமிழ்நாட்டுக்குத் திரும்பவிருந்தார். குதிரையோடு தன்னைத்தானே எடுத்துக்கொண்ட ஒரு படம்தான் மிச்சம். "இவன ஊருக்குக் கூட்டிட்டுப் போகணும்க்கா" என்று அதைக் காட்டினார்.

விமானம் ஏறும் நாள் மத்தியானம் வாங்க வந்தார். பெட்டியைத் திறந்ததும் முகம் மலர்ந்தது. குதிரையைச் சுற்றிப் பார்த்ததும் வாடியது. நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார். தங்கை விடவில்லை, துருவிக் கேட்டாள்.

"வெள்ளைக் கால் அவனுக்கு எடதுல, அக்கா. இது வலதுல இருக்கு."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அவர் சட்டையில் இருந்த எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகக் கிடந்தன. கைப்பேசி படத்தையே திருப்பிப்போட்டிருக்கிறது! எத்தனை வாரம் அதையே பார்த்தோம். ஒருமுறையாவது சட்டையைப் பார்த்தோமா? விமானமோ இரவில். அப்படியே கொண்டுபோகட்டும், ஊரில் யாருக்குத் தெரியப்போகிறது என்றேன்.

"இவருக்குத் தெரியும்லா" என்றாள் தங்கை.

பல் வேலைக்கு வைத்திருந்த கூர்மையான கருவியை எடுத்து, முடித்து வைத்திருந்த காலைச் சுரண்டத் தொடங்கினாள். வலது காலுக்குப் பழுப்பு, இடது காலுக்கு வெள்ளை. முடிந்தபோது இரண்டும் ஈரமாகப் பளபளத்தன. வயிற்றைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், ஒரு மாதம் பின்னங்கால்களைத் தொடவே கூடாது என்றாள். நானும் நாலைந்து முறை சொன்னேன். ஒவ்வொரு முறையும் தலையாட்டினார்.

பெட்டியில் வைக்குமுன் குனிந்து பார்த்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் வலக்கை இடது பின்னங்காலைப் பற்றி, மேலிருந்து குளம்பு வரை மெதுவாக வழித்துக்கொண்டு இறங்கியது.

"சூடு இல்ல. வீக்கமும் இல்ல" என்றார். எங்களிடம் சொல்லவில்லை.

விரல்களில் இருந்த வெள்ளையைப் பார்த்தபின்தான் அவருக்கே உறைத்தது. தினமும் விடியுமுன் நாலு காலையும் இப்படித் தடவிப் பார்த்துத்தான் அவனை வெளியே விடுவாராம். கை தானாகப் போய்விட்டது என்றார். தங்கை தூரிகையை எடுத்தாள். அவர் குதிரையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இருக்கட்டும்க்கா. தொடாதீங்க."

வெள்ளைக் கோடுகள் விழுந்த சட்டையோடுதான் விமான நிலையத்துக்குக் கிளம்பினார். இந்நேரம் அந்தக் கால் காய்ந்திருக்கும், விரல் தடங்களோடு.