ஆர்கனை மிதித்த கால்

முள்ளு மண்டிக் கிடந்த களர் நிலத்தை உப்பளமாக்கியவன் நான். மாடிவீடு கட்டினேன். லாரி வாங்கினேன். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன், கல்யாண பேண்டுக்காரர்கள் ஊதுவதைக் கேட்டுக் கேட்டே டிரம்பெட்டும் கற்றுக்கொண்டேன். யாரும் கைகொடுக்கவில்லை. இதெல்லாம் மரக்காணத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் மாதா கோயிலில் காலால் மிதித்துக் காற்றடிக்கிற பழைய ஆர்கன் இருக்கிறது. என் மனைவிதான் வாசிப்பாள், கூடவே நான் டிரம்பெட் ஊதுவேன். 2004இல் கடல் ஊருக்குள் வந்தபோது ஒரு படகு மோதி அவள் இடுப்பெலும்பு உடைந்தது. பிறகு கோல் ஊன்றி நடந்தாள், மிதிக்கத்தான் முடியவில்லை. ஃபாதர் கரண்டில் ஓடும் கீபோர்டு வாங்கித் தருவதாகச் சொன்னார்.

"அது தொட்டதுமே கத்துது ஃபாதர். எனக்கு வேணாம்" என்றுவிட்டாள்.

வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் அவள் விரல்கள் பாட்டு வாசிப்பதைப் பார்த்தேன்.

"நான் மிதிக்கிறேன், நீ வாசி" என்றேன்.

"அப்ப டிரம்பெட்ட யாரு ஊதுவாங்க?"

"அதுவும் நான்தான்."

"எல்லாத்தையும் நீங்களே செஞ்சிடுவீங்க. பாட்டையாவது எனக்கு விடுங்க."

ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தோம். உப்புப் பாத்தியின் களிமண்ணை மிதித்து இறுக்கிய கால் என்னுடையது. ஆர்கன் அலறியது.

"ஏங்க, இது பாத்தி இல்லீங்க. மெதுவா."

மெதுவாக மிதிக்க வந்ததும் இன்னொரு கோளாறு. டிரம்பெட்டுக்கு நான் மூச்சு வாங்கும்போதெல்லாம் காலும் நின்றுவிடும். பழைய துருத்தி, உடனே காற்று இறங்கி ஆர்கன் இளைக்கும். எவ்வளவு திட்டியும் கால் கேட்கவில்லை. கடைசியில் அவளே ஒரு வழி செய்தாள். மாதா பாட்டில் நான் மூச்சு வாங்கும் இடங்களில் தன் விரல்களையும் தூக்கிவிட்டாள்.

அலையில் போனவர்களுக்கான ஆண்டுப் பூசையில் அப்படித்தான் வாசித்தோம். அந்த இடைவெளிகளில் ஒரு குழந்தைகூட அழவில்லை. அவள் தோள் என் தோளில் சாய்ந்திருந்தது. பூசை முடிந்ததும் ஃபாதர், "செத்துப்போனவங்களுக்காக அம்மா விட்ட மௌனம்" என்று அவளைப் புகழ்ந்தார்.

"சும்மா இருங்க" என்றாள் என் காதில். நான் வாயே திறந்திருக்கவில்லை.

இப்போது கோயில் விழா மலரில் ஆர்கனுக்கு அவள் பெயரும் டிரம்பெட்டுக்கு என் பெயரும் போடப் போகிறார்களாம். அது போதாது. ஆர்கனில் கை அவளுடையது, கால் என்னுடையது. அந்த மௌனத்திலும் பாதி என்னுடையது. அதையும் சேர்த்து அச்சில் போட வேண்டும்.