இரண்டு பேட்சுக்கு நடுவில்

கோழிக்கொட்டகையின் கம்பிவலையில் தொங்கும் படுதாவை எங்கே பார்த்தாலும் அது படுதாதானா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வேன். பல்லடம் பக்கத்தில் எங்கள் பெரியப்பாவுக்குக் கறிக்கோழிப் பண்ணை. ஒரு பேட்ச் கோழிகள் வளர்ந்து லாரி ஏறிப் போனபின் அடுத்த பேட்ச் குஞ்சுகள் வரும்வரை கொட்டகை காலியாகக் கிடக்கும். பெரியப்பா மகனான என் அண்ணன் அந்த இடைவெளியில்தான் பெரிய ஓவியங்களை வரைவார். வீட்டில் அவ்வளவு பெரிய கித்தானை விரிக்க இடமில்லை. இன்று ஊர் ஊராகக் கண்காட்சி வைக்கிறவரின் தொழில், அன்று கோழி வளர்கிற கணக்கில் நடந்தது.

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். ஆனால் எனக்கும் ஓவியம் புரியாது. சென்னையில் ஒரு கண்காட்சிக்கு அண்ணனை முதன்முதலாக அழைத்தபோது, அது எத்தனை பெரியது என்று பெரியப்பாவிடம் விளக்கிச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. அவர் கேட்டுவிட்டு அண்ணனைப் பார்த்துச் சொன்னார்: "இதுக்கு ஒருக்கா போய்ட்டு வா. ஒண்ணும் ஆகலீன்னா பண்ணையப் பாரு."

அந்தக் கண்காட்சிக்காக, விடியாத இருட்டில் லாரிக்குக் கோழி ஏற்றுகிற காட்சியை அண்ணன் வரைந்திருந்தார். முழுக்கச் சாம்பலும் கறுப்பும், இடையிடையே சிவப்புக் கொண்டையோடு வெள்ளை வெள்ளையாகக் கோழிகள். ஓரங்களில் மட்டும் கொஞ்சம் வேலை பாக்கி. கித்தானைக் கம்பிவலையில் கட்டிவிட்டு நாங்கள் சாப்பிடப் போனோம். மறுநாள் குஞ்சு வண்டி வருகிற அவசரத்தில், பெரியம்மா ஸ்பிரேயரைத் தூக்கிக்கொண்டு கிருமி போகக் கொட்டகை முழுக்கச் சுண்ணாம்பு அடித்துவிட்டார். ஓவியத்தின் மேலும்.

திரும்பி வந்த அண்ணன் கித்தானிடம் ஓடினார். "என்னம்மா செஞ்சு போட்டீங்க?"

"பழைய படுதான்னு நெனச்சுப்போட்டேன் கண்ணு. வெள்ளையா இருந்ததெல்லாம் கோழி எச்சம்னுல்ல நெனச்சேன்!"

காய்ந்த வண்ணம் தண்ணீரைத் தாங்கும் என்று அண்ணனுக்குத் தெரியும். சுண்ணாம்பைத் தாங்குமா என்பது தெரியாது. ஈரத்துணியால் கொஞ்சம் இடத்தைத் துடைத்தார். சிவப்பாக ஒரு கொண்டை எட்டிப் பார்த்தது. "வந்துருச்சு!" என்று கத்தியது நான்தான். பெரியம்மா பழைய சேலையைக் கிழித்துக் கொடுக்க, மூன்று பேரும் குழந்தையைக் குளிப்பாட்டுவது போலத் துடைத்தோம்.

பெரியப்பா எப்போது வந்து நின்றாரோ தெரியவில்லை. "லாரிகிட்ட டார்ச்சோட நிக்கறது ஆரு? நானா?"

"நீங்கதானுங்கப்பா."

"தொப்பையக் கொஞ்சம் கொறச்சிருக்கலாமல்ல."

வெளியே போய் போனில் அவர் பேசியது எங்களுக்குக் கேட்டது. "நாளைக்கு வண்டி வேண்டாமுங்க. ரெண்டு நாள் போகட்டும். கொட்டாய்ல பையன் வேலை பாத்துட்டிருக்கான்."

வேலை. அதுவரை அவர் வாயில் அது கிறுக்கலாகத்தான் இருந்தது. அண்ணன் துணியைப் போட்டுவிட்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இப்போது அண்ணனுக்குத் துடியலூரில் வரைவதற்கென்றே தனிக்கூடம் இருக்கிறது. பெரியப்பாவின் பண்ணைக்குக் குஞ்சு வண்டி சொன்ன நாளில் வந்துவிடுகிறது.